அடுப்படித் துணியும் ஈர மேடையும்



இந்தத் தாளை நீங்கள் இருவரும் சேர்ந்து படிக்க வேண்டும். ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்டாலும் போதும். "அடுப்படி சமாசாரம்தானே" என்று தாளை மனைவி கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் எழுந்து போய்விடக் கூடாது. அவருக்கும் இதில் வேலை இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நான் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். சிதம்பரத்துக்கு வடக்கே, வெள்ளாற்றங்கரைப் பக்கம் ஓர் ஊர். அந்த வீட்டில் பதினான்கு மாதக் குழந்தைக்கு மூன்று மாதத்தில் மூன்றாவது தடவை வயிற்றுப்போக்கு. கிராம சுகாதார செவிலியர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். குழந்தையின் அம்மா எங்களைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"சார், என் வீட்டைப் பாருங்க சார். எங்கயாவது ஒரு தூசி இருக்கா? ஒரு நாளைக்கு பத்துத் தரம் தொடைக்கிறேன். அப்புறம் ஏன் சார் என் புள்ளைக்கு மட்டும் இப்படி வருது?"

அவள் சொன்னது பொய்யில்லை. கருப்புக் கல் மேடை கண்ணாடி போலப் பளபளத்தது. பாத்திரங்கள் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தன. ஆனால் தண்ணீர்க் குழாயின் கழுத்தில் ஒரு துணி சுற்றியிருந்தது. வீட்டுக்காரரின் பழைய பனியன். அதை எதற்கெல்லாம் எடுப்பீர்கள் என்று கேட்டேன்.

"மேடை தொடைப்பேன். தட்டு தொடைப்பேன். சூடா இருக்கிற சட்டியை எறக்குவேன். கீழே பால் கொட்டினா ஒத்தி எடுப்பேன். புள்ள வாயை..." அவளே பாதியில் நிறுத்திவிட்டாள்.

அந்தத் துணியை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். முகர்ந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துணி ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. குடிக்கிற தண்ணீர், கழுவாத கை, மூடாத சோறு என்று வயிற்றுப்போக்குக்குப் பல வாசல்கள் உண்டு. மற்ற வாசல்களைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். இந்த வாசலைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஏனென்றால் துடைத்த இடம் சுத்தமாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு ராத்திரியில் நடப்பது

கிருமிக்கு மூன்று பொருள் வேண்டும்: ஈரம், வெதுவெதுப்பு, கொஞ்சம் தீனி. நம் கடலூர் மாவட்டத்தில் வெதுவெதுப்புக்கு எந்த மாதமும் பஞ்சமில்லை. துணியில் ஒட்டியிருக்கிற குழம்பும் பாலும் கஞ்சியும் தீனி. பிழிந்து சுருட்டி வைத்த துணிக்குள் ஈரம். மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டன.

இந்த வசதி கிடைத்தால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகளில் சில, இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் ஒன்று இரண்டாகப் பிரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்குத் துணியில் ஒரே ஒரு கிருமி. பத்து மணிக்கு 8. பதினோரு மணிக்கு 64. நள்ளிரவு ஒரு மணிக்கு 4,096. விடியற்காலை நான்கு மணிக்கு 20 லட்சத்துக்கு மேல். இது காகிதக் கணக்குதான், தீனி தீர்ந்தால் பெருக்கம் நின்றுவிடும். ஆனாலும் காலையில் எழுந்ததும் நாம் முதல் வேலையாக என்ன செய்கிறோம்? அந்தத் துணியை எடுத்து, ராத்திரி முழுக்கக் காய்ந்து கிடந்த மேடையின் மேல் ஓர் இழுப்பு இழுக்கிறோம். சுத்தமாக இருந்த மேடைக்குக் கிருமியைப் பூசுகிறோம். அதே மேடையில் குழந்தையின் கரண்டியை வைக்கிறோம்.

அதனால்தான் சொல்கிறேன்: அழுக்குத் துணியால் பத்துத் தரம் துடைத்த மேடையைவிட, ஒரு தரம் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவிட்ட மேடை மேல். துடைப்பதைக் குறைத்தாலும் பரவாயில்லை, காயவிடுவதை விட்டுவிடாதீர்கள். ஈரம் போய்விட்டால் கிருமி பெருக முடியாது. பெரும்பாலானவை சில மணி நேரத்தில் செத்தும் போகும். காற்றும் வெயிலும் காசில்லாமல் கிடைக்கின்றன.

குழந்தைக்கு ஏன் உடனே தாக்குகிறது என்று கேட்பீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற குழந்தைக்கும் அடுப்படிக்கும் சம்பந்தமில்லை. தண்ணீர்கூட அதற்குத் தேவையில்லை. ஆறு மாதம் முடிந்து கேழ்வரகுக் கூழும் பருப்புச் சாதமும் கொடுக்க ஆரம்பிக்கும்போதுதான் உங்கள் மேடையும் துணியும் மிக்ஸி ஜாரும் குழந்தையின் வாய்க்கு வந்து சேர்கின்றன. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரைதான் வயிற்றுப்போக்கு அதிகம் வருகிறது. தவழ்கிற வயசும் அதுதான், கையில் கிடைத்ததை வாயில் வைக்கிற வயசும் அதுதான்.

அந்த வீட்டுக் குழந்தைக்கு அன்றைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தோம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பொட்டலம் கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்கக் கூடாது. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரையைச் செவிலியர் சொன்ன அளவில் 14 நாள் விடாமல் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாளே போக்கு நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், அது தப்பு. மலத்தில் ரத்தம் வந்தாலும், குழந்தை துவண்டு போனாலும், கண் குழி விழுந்தாலும், எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தாலும், வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

தரையிலிருந்து மேடைக்கு

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு ஆயா திண்ணையில் இருந்தபடியே குரல் கொடுத்தார். "எங்க காலத்துல இந்த மேடையா, சோப்பா? சாணி போட்டு மெழுகினோம். எங்களுக்கு ஒண்ணும் வரலியே!"

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க, ஆயா?" என்று கேட்டேன்.

"பெத்தது ஏழு. நிக்கிறது நாலு."

சொல்லிவிட்டு அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

1971-ல் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்த நாளைப் பார்க்கவில்லை. 2020-ல் அது 28 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 13. தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், நல்ல தண்ணீர், தாய்மாரின் படிப்பு எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. ஏழு பெற்று நாலு நின்ற காலத்தில் "ரெண்டு போதும்" என்று சொன்னால் எந்தத் தாய் கேட்பாள்? 1977-ல் குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயர் குடும்ப நலம் என்று மாறியது. பெயர் மாறியதைவிடப் பெரிய விஷயம், பெற்ற இரண்டும் நிற்கும் என்ற தைரியம் தம்பதியருக்கு வந்ததுதான். இந்தத் தாள் அடுப்படியைப் பற்றிப் பேசுவது அதனால்தான்.

ஆனால் ஆயா காலத்து வழக்கம் எல்லாமே தப்பில்லை. அன்றைக்குச் சாப்பிட்ட இடத்தை எச்சிலிட்டுத் துடைக்காமல் யாரும் அந்த இடத்தில் உட்கார மாட்டார்கள். சோறு வடித்த பானைக்கும் எச்சில் தட்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருந்தது. அம்மியை அரைத்து முடித்ததும் கழுவி நிமிர்த்தி வைத்தார்கள், தண்ணீர் வடிந்துவிடும். பாத்திரத்தைக் கொல்லைப்புறம் கொண்டுபோய்ச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு விளக்கி வெயிலில் கவிழ்த்தார்கள். இன்றைக்கு மேடையும் தொட்டியும் வந்த பிறகு எல்லா வேலையும் ஆறடி நீளக் கல்லின் மேல் நடக்கிறது. அரசு கொடுத்த எரிவாயு அடுப்பு, 2011-ல் தொடங்கிக் கொடுத்த மிக்ஸி, கிரைண்டர், பால் பாக்கெட், காய்கறிப் பை, எச்சில் தட்டு, பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பா எல்லாம் அதே கல்லில். வெயில் மட்டும் உள்ளே வருவதில்லை.

சாணியைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். மண் தரை புழுதி கிளம்பாமல் இருக்கச் சாணி மெழுகுவது உதவும். கிருமியைக் கொல்லும் என்பது சரியில்லை. மாட்டின் குடலில் இருக்கிற கிருமிகள் சாணியிலும் இருக்கும், ரணஜன்னிக் கிருமியும் இருக்கலாம். வாசல் தெளிப்பதோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள். சமைக்கிற இடத்திலும், குழந்தை தவழ்கிற இடத்திலும், பிரசவமான பெண் படுக்கிற இடத்திலும் வேண்டாம். பாத்திரம் விளக்கத் தெருமண்ணை அள்ளுவதும் வேண்டாம், புழு முட்டை அதில் இருக்கும். அடுப்புச் சாம்பலுக்கு அந்தக் குறை இல்லை.

மேடை கடப்பைக் கல்லாக இருந்தால் ஒரு சேதி. கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல் இனம். புளி, எலுமிச்சை, கழிப்பறை ஆசிட் எதுவும் அதற்கு ஆகாது. பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகிவிடும், சொரசொரப்பில் அழுக்கு பிடிக்கும். வெறும் சோப்பே அதற்குப் போதும். கல்லும் சுவரும் சேருகிற இடத்தில் விரிசல் இருந்தால் சிமெண்டு வைத்து அடையுங்கள். கரப்பான் குடியிருப்பதே அங்கேதான்.

மிக்ஸி ஜாரின் மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறது பாருங்கள். அதைக் கழற்றிக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? இன்றைக்குக் கழற்றிப் பாருங்கள். நான் மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

மீன் அரிந்த மணை

கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று கரை நெடுக மீன் இறங்குகிற மாவட்டம் நம்முடையது. மீனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சங்கராவும் இறாலும் பிள்ளைகளுக்கு நல்ல சத்து. ஆனால் கடல் நீரிலும் உப்பங்கழியிலும் விப்ரியோ என்றொரு கிருமிக் குடும்பம் இயல்பாகவே வாழ்கிறது. காலராக் கிருமியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மீனின் செவுளிலும், தோலிலும், இறால் ஓட்டிலும் இந்தக் கிருமிகள் ஒட்டிக்கொண்டு வரும்.

குழம்பு தளதளவென்று கொதித்தால் அவை செத்துவிடும். அதனால் மீன் குழம்பு சாப்பிட்டவருக்கு ஒன்றும் வருவதில்லை. சிக்கல் வேறு இடத்தில். மீன் அரிந்த அதே அரிவாள்மணையைத் தண்ணீரில் ஓர் அலசு அலசிவிட்டு, அதில் வெங்காயம் அரிந்து தயிரில் போடுகிறோம். வெங்காயம் அடுப்பைப் பார்க்கப் போவதில்லை. மீன் கழுவிய தண்ணீர் மேடையில் தெறித்திருக்கும், அந்த ஈரத்தில் குழந்தையின் தட்டை வைக்கிறோம். கோழிக்கறிக்கும் இதே கதைதான். கோழியில் வேறு இனக் கிருமிகள் உண்டு, அவை தாக்கினால் காய்ச்சலும் சேர்ந்து வரும்.

வழி சுலபம். பச்சையாகத் தின்கிற வெங்காயம், வெள்ளரிக்காய், கொத்தமல்லி, தேங்காய் இவற்றை முதலில் அரிந்து மூடி வைத்துவிடுங்கள். மீனும் கறியும் கடைசியில். கூடுமானால் மீனைக் கொல்லைப்புறத்தில் வைத்து அரியுங்கள், அகலமான சட்டியில் கழுவுங்கள், குழாய்க்கு நேரே பிடித்துத் தெறிக்கவிடாதீர்கள். முடிந்ததும் மணையின் பலகை, அலகு, அலகும் பலகையும் சேருகிற பொருத்து மூன்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் சாய்த்து வையுங்கள். பொருத்தில்தான் செதில் தங்கும். அதற்குப் பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

வேலைக்கு நடுவில் எப்படி?

"காலையில அஞ்சரைக்கு எழுந்தா புள்ளைங்க பஸ் ஏற வரைக்கும் நிக்க நேரமில்ல, சார். இதுல மூணு துணி வச்சுக்கிட்டு எங்க தொடைக்கிறது?" என்று கேட்காத தாய் இல்லை. அவர்கள் கேட்பது நியாயம். அதனால் அதிக வேலை சொல்லாமல் சில பழக்கங்களை மட்டும் சொல்கிறேன்.

மேடைக்கு ஒரு துணி, கழுவிய பாத்திரத்துக்கும் கைக்கும் ஒரு துணி, சூடான பாத்திரம் இறக்க ஒரு கரித்துணி. தரைக்கு இருப்பது தனி, அது அடுப்படிக்குள் தொங்கவே கூடாது. பழைய வேட்டி ஒன்றைக் கிழித்தால் பத்துப் பன்னிரண்டு துண்டு கிடைக்கும். வேறு வேறு நிறமாக இருந்தால் இன்னும் நல்லது, குழப்பம் வராது. கழுவிய பாத்திரத்தைத் துடைக்காமல் கவிழ்த்து வைத்தாலே காய்ந்துவிடும். அதனால் ஒரு வேலை மிச்சம்.

மேடைத் துணியைத் தினமும் மாற்ற வேண்டும். ராத்திரி கடைசிப் பாத்திரம் கழுவியதும் மேடையில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தெளித்துத் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டு வழித்து, உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்துவிட்டுப் படுங்கள். ஐந்து நிமிட வேலை. ராத்திரி முழுக்க மேடை காய்ந்து கிடக்கும். எச்சில் தட்டைத் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டுத் தூங்கினால் விடிவதற்குள் அது கிருமிப் பண்ணை ஆகிவிடும், கரப்பானும் எலியும் விருந்துக்கு வரும். எலி நடந்த இடத்தில் அதன் மூத்திரம் இருக்கும். எலிக் காய்ச்சல் அதிலிருந்து வருவதுதான்.

அழுக்குத் துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் விரித்து உலர்த்துங்கள். சுருட்டிப் போட்டால் உள்மடிப்பு காயாது. வாரம் ஒரு நாள் எல்லாத் துண்டுகளையும் ஒரு பழைய சட்டியில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு எடுங்கள். பாத்திரம் தேய்க்கிற நாரையும் பஞ்சையும் தண்ணீருக்குள்ளேயே ஊறவிடாமல் உதறி வெளியே வையுங்கள். நைந்து நாற்றம் எடுத்தால் தூக்கி எறியுங்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். கடையில் விற்கிற கிருமிநாசினித் திரவம் எதுவும் அன்றாடத்துக்குத் தேவையில்லை. அந்தக் காசுக்குக் குழந்தைக்கு முட்டை வாங்கலாம்.

ஈ இரண்டு வரியில் முடிகிற விஷயம். அது திட உணவைத் தின்னாது. தின்பதன் மேல் வாந்தி எடுத்துக் கரைத்து உறிஞ்சும். மலத்தில் உட்கார்ந்து வந்து உங்கள் மேடையில் அதைச் செய்கிறது. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈயாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். குப்பையை நாள்தோறும் அப்புறப்படுத்தி, மேடையில் சிந்தலும் ஈரமும் இல்லாமல் வைத்தால் அதற்கு அங்கே வேலையில்லை.

இப்போது வீட்டுக்காரர்களிடம் வருகிறேன்.

2006-ல் சிக்குன்குனியா காய்ச்சல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது பலருக்கு நினைவிருக்கும். அப்போது என் மனைவிக்கும் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் விட்டுவிட்டது, மூட்டுவலி விடவில்லை. ஒரு துணியைப் பிழிய அவளால் விரலை மடக்க முடியவில்லை. ஒன்றரை மாதம் அடுப்படி என் கையில். ஊருக்கெல்லாம் சுத்தத்தைப் பற்றிப் பேசுகிறவன் நான். பொது சுகாதாரத்தில் பட்டயம் வாங்கியவன். மூன்றாம் நாளே ஒரே துணியை எல்லாவற்றுக்கும் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். அவள் கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்துவிட்டு, "ஊருக்குத்தான் உபதேசமா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு நாளில் எத்தனை தடவை அந்த மேடையில் ஏதாவது கொட்டுகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒருவரே சமைத்து, ஊட்டி, கழுவி, துடைத்து முடிக்க முடியாது. முடியாதபோது முதலில் விட்டுப்போவது துணி துவைப்பதுதான்.

ஆகவே ராத்திரி அந்த ஐந்து நிமிடத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பாத்திரம் கழுவட்டும், நீங்கள் மேடையைத் தேய்த்துக் காயவிடுங்கள். யாராவது பார்த்தால் கேலி செய்வார்கள் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கொல்லைப்புறத்தில் வெயில் படுகிற இடத்தில் துணி உலர்த்த ஒரு கொடி கட்டிக் கொடுங்கள். தொட்டித் தண்ணீர் போகிற குழாய் அடைத்திருந்தால் அதைச் சரிபண்ணுங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். வயலிலிருந்து வந்ததும் கையில் இருப்பதை மேடையில் வைக்கிற பழக்கத்தை விடுங்கள். வண்டிச் சாவி, சந்தைப் பை, செல்போன் இவற்றையெல்லாம் வேறெங்காவது வையுங்கள். பூச்சிமருந்து டப்பா, தெளிப்பான் மூக்கு, மருந்து அளந்த மூடி இவை அடுப்படி வாசலைக்கூடத் தாண்டக் கூடாது. அந்த விஷத்தை எந்தச் சோப்பும் நிச்சயமாகப் போக்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்து தெளித்த கையோடு தண்ணீர்க் குடத்தைத் தொடுவதும் அப்படித்தான். வெளியிலேயே குளித்து உடுப்பு மாற்றிவிட்டு உள்ளே வாருங்கள்.

வெள்ளம் வந்து போன வீடு

2015 நவம்பரில் பெய்த மழை நம் மாவட்டத்துக்கு மறக்காது. ஒரே நாளில் நெய்வேலியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வெள்ளத் தண்ணீர் என்பது மழைத் தண்ணீர் மட்டுமல்ல. கழிப்பறைக் குழியும், சாக்கடையும், செத்த கோழியும் அதில் கலந்திருக்கும். அந்தத் தண்ணீர் நனைத்த அடுப்படியை வெறுமனே அலசிவிட்டால் போதாது. ப்ளீச்சிங் பவுடர் வேண்டியது அப்போதுதான்.

அந்தப் பொடியின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். 1847-ல் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்றொரு டாக்டர் இருந்தார். அவருடைய பிரசவ வார்டில் அந்த ஏப்ரலில் 100 தாய்மாருக்கு 18 பேர் வீதம் ஜன்னி கண்டு இறந்தார்கள். பிணத்தை அறுத்துப் பார்த்த டாக்டர்கள் அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தது அவருக்கு உறுத்தியது. குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் வார்டுக்குள் வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். சில மாதத்தில் சாவு நூற்றுக்கு இரண்டு அளவுக்கு இறங்கிவிட்டது. கிருமி என்று ஒன்று இருப்பதை உலகம் ஒப்புக்கொள்ளாத காலம் அது. சக டாக்டர்கள் பலர் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அவர் அன்றைக்குக் கையில் எடுத்த அதே மருந்துதான் இன்றைக்குப் பஞ்சாயத்தில் நம் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் போடுகிற பொடி.

அதைப் பயன்படுத்தும் முறை இது. முதலில் சேற்றை வழித்து எடுங்கள். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெயும் சேறும் இருக்கிற இடத்தில் பொடி வேலை செய்யாது, அழுக்கே அதன் சக்தியைத் தின்றுவிடும். பிறகு பத்து லிட்டர் வாளித் தண்ணீரில் தலை தட்டிய இரண்டு தேக்கரண்டி ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த தண்ணீரை மேடையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். தரைக்கும் சுவருக்கும் இதைவிடக் கெட்டியான கரைசல் வேண்டும், அந்த அளவைச் சுகாதார ஆய்வாளர் வந்து சொல்வார். கரைசலை அன்றன்றைக்குக் கரைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் அதில் சக்தி இருக்காது. பொடி டப்பாவை இறுக மூடி, ஈரமும் வெயிலும் படாமல், குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குளிர்பானப் பாட்டிலில் கரைசலை ஊற்றி வைப்பது ஆபத்து.

கழிப்பறை கழுவுகிற ஆசிட்டோடு இந்தப் பொடியை ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நுரையீரலை அரிக்கிற நச்சுப் புகை கிளம்பும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. "ரெண்டையும் சேர்த்தா நல்லா வெளுக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வெள்ளத்தில் நனைந்த மரப்பலகை, மரக்கரண்டி, விரிசல் விட்ட பிளாஸ்டிக் டப்பா, பால் பாட்டில் நிப்பிள், பாத்திரம் தேய்க்கிற நார், அடுப்படித் துணிகள் எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். எவர்சில்வர், பித்தளை, மண் சேராத கண்ணாடி இவற்றைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் குழிவரை தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, ஒரு முழு வெயில் காயவிட்ட பிறகே அரைக்க வேண்டும். 2015-ல் எங்கள் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மாமியார் கொடுத்த மரச் சோற்றுக் கரண்டியை எறிய என் மனைவிக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் வெயிலில் வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் அதில் பூசணம் பூத்தது.

துணி, மேடை, பொடி இவற்றில் எது பற்றிச் சந்தேகம் வந்தாலும் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். தடுப்பூசி போடுகிற புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும்போது இருவருமாக வந்தால் பேசுவதற்கு வசதி. அடுத்த தாளில் தண்ணீர்க் குடத்தைப் பற்றியும், அதில் டம்ளரோடு கையை விட்டு மொள்ளுகிற நம் பழக்கத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.